கட்டுபவர் வேறு, காப்பவர் வேறு: நம் ஊர்த் தளத்துக்கு வெப்மாஸ்டராக யாரை அமர்த்துவது?

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூவர் கடந்த சில மாதங்களில் ஏறத்தாழ ஒரே கேள்வியை என்னிடம் கொண்டுவந்தார்கள். ஒருவர் தோட்டத்து மாரியம்மன் கோயிலின் செயலாளர். இன்னொருவர் தமிழ்ப்பள்ளி ஒன்றின் பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர். மூன்றாமவர் முறுக்கும் அதிரசமும் சுட்டுத் தீபாவளிக் காலத்தில் ஈப்போ, பினாங்கு வரை அனுப்பிவைக்கும் அம்மையார். "இணையத்தளம் ஒன்று செய்ய வேண்டும், யாரிடம் கொடுக்கலாம்?" என்பதே மூவரும் கேட்டது. அவர்கள் கேட்டது தளத்தைச் செய்வதைப் பற்றி. நான் சொல்ல வேண்டியதாக நினைப்பது அதைப் பார்த்துக்கொள்வதைப் பற்றி. தளத்தைக் கட்டி எழுப்ப மூன்று வாரம் போதும். அதன் பிறகு ஆண்டுக்கணக்கில் அதன் கதவு திறந்திருக்கவும், உள்ளே இருக்கும் செய்தி உண்மையாக இருக்கவும், வந்த கடிதத்துக்கு விடை போகவும் ஒருவர் பொறுப்பேற்றாக வேண்டும். அவரே வெப்மாஸ்டர்.

1990களில் இணையம் பொதுமக்களிடம் பரவத் தொடங்கியபோது, பக்கங்களை எழுதுவது, குறிநிரல் அமைப்பது, வழங்கியை, அதாவது தளக் கோப்புகள் தங்கும் சர்வர் கணினியைக் காப்பது, வாசகர் கடிதங்களுக்கு மறுமொழி எழுதுவது ஆகிய எல்லாவற்றையும் ஒருவரே செய்தார். 1997 மே மாதம் வெளிவந்த ஆர்எஃப்சி 2142 என்னும் நெறிமுறை ஆவணம், தளம் நடத்தும் அமைப்புகள் 'வெப்மாஸ்டர்' என்ற பெயரிலேயே ஒரு மின்னஞ்சல் முகவரி வைத்திருக்கும் வழக்கத்தை நெறிப்படுத்தியது. பின்னர் பெரிய நிறுவனங்களில் வேலை பிரிந்தது. வடிவமைப்பாளர், நிரலாளர், வழங்கி நிருவாகி, உள்ளடக்க ஆசிரியர் எனத் தனித்தனி இருக்கைகள் வந்தன. கூகுள் நிறுவனமும், ஒரு தளம் தேடலில் எப்படித் தென்படுகிறது என்று காட்டும் தன் 'வெப்மாஸ்டர் டூல்ஸ்' சேவையை 2015இல் 'சர்ச் கன்சோல்' என்று பெயர் மாற்றியது; அதைப் பயன்படுத்துவோரில் சிறுகடைக்காரர்களும் சந்தைப்படுத்துவோரும் நிரலாளர்களும் பெருகிவிட்டதே காரணம். ஆயினும் ஈப்போவிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தள்ளி, செம்பனைக்கும் பால்மரத்துக்கும் நடுவே இருக்கும் ஊரில் அந்த இருக்கைகள் பிரியவில்லை. எல்லாம் இன்னும் ஒருவர் தலையில்தான் விழுகின்றன. ஆகவே அந்த ஒருவரைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும்.

எதை வைத்து எடை போடுவது?

முதல் அளவுகோல், சாவி யாரிடம் இருக்கிறது என்பது. ஒரு தளத்துக்கு மூன்று சாவிகள் உண்டு: டொமைன் எனப்படும் தளப்பெயரின் பதிவுக் கணக்கு, கோப்புகள் தங்கியிருக்கும் ஹோஸ்டிங் கணக்கு, பக்கங்களை மாற்றும் நிருவாகக் கடவுச்சொல். இவற்றுள் மிக முக்கியமானது முதலாவது. மற்ற இரண்டும் தொலைந்தால் தளத்தைத் திரும்பக் கட்டலாம். பெயர் தொலைந்தால் அதே முகவரியில் திரும்ப வரவே முடியாமல் போகலாம்.

இதை நான் நேரில் கண்டிருக்கிறேன். நான் செயற்குழுவில் இருந்த முன்னாள் மாணவர் அமைப்பு ஒன்றின் தளத்தை, கணினி படித்துக்கொண்டிருந்த இளைஞர் ஒருவர் அன்போடு செய்து கொடுத்தார். டாட் காம் பெயரைத் தன் மாணவர் மின்னஞ்சலில் பதிந்திருந்தார். படிப்பு முடிந்தது, சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனார், அந்த மின்னஞ்சலைத் திறப்பதை நிறுத்தினார். புதுப்பிக்கச் சொல்லும் அறிவிப்புகள் எல்லாம் யாரும் பார்க்காத அஞ்சல் பெட்டிக்குப் போய்ச் சேர்ந்தன. டாட் காம் பெயர் காலாவதியான உடனே பறிபோவதில்லை. பதிவு நிறுவனம் 45 நாள் வரை அவகாசம் தரலாம், அதன் பின் கூடுதல் கட்டணம் செலுத்தி மீட்க 30 நாள் உண்டு, கடைசி 5 நாள் கழித்துத்தான் பெயர் யாரும் எடுத்துக்கொள்ளும்படி வெளியே விடப்படுகிறது. இத்தனை நாளிலும் எங்கள் அமைப்பில் ஒருவருக்கும் செய்தி தெரியவில்லை. தெரிந்தபோது, எங்கள் ஆசிரியர்களின் படங்கள் இருந்த முகவரியில் சூதாட்ட விளம்பரம் நின்றது. அந்த இளைஞர்மேல் எனக்குக் குறை இல்லை. அமைப்பின் பெயரில், அமைப்பின் மின்னஞ்சலில் பதியும்படி அவரிடம் நாங்கள்தான் சொல்லவில்லை.

இரண்டாம் அளவுகோல் தொடர்ச்சி: இன்றைய ஆள் நாளை இல்லை என்றால் வேலை நிற்குமா, இன்னொருவர் கையில் போகுமா? மூன்றாவது, பாதுகாப்பும் காப்புப் பிரதியும். உலகத் தளங்களில் பத்தில் நான்குக்கு மேல், தளம் அமைக்க உதவும் வேர்ட்பிரஸ் என்னும் மென்பொருளில் ஓடுகின்றன. அதனாலேயே கூடுதல் வசதிக்காக அதில் சேர்க்கும் செருகுநிரல்களுள் புதுப்பிக்கப்படாதவற்றைத் தேடித் தாக்கும் தானியங்கி நிரல்கள் நாள் முழுதும் அலைகின்றன. நம் கோயில் சிறியது, யார் வரப்போகிறார்கள் என்று கருதுவது தவறு. அந்த நிரல்கள் கோயிலையும் வங்கியையும் பிரித்துப் பார்ப்பதில்லை. தளத்துக்கும் வாசகருக்கும் இடையே போகும் தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்ய உதவும் பூட்டுக்குறிச் சான்றிதழையும் இதில் சேர்க்க வேண்டும். 2018 ஜூலை முதல் குரோம் உலாவி, மறையாக்கம் இல்லாத தளங்களைப் 'பாதுகாப்பற்றது' என்று குறிக்கிறது. லெட்ஸ் என்கிரிப்ட் என்னும் அமைப்பு இலவசமாகத் தரும் சான்றிதழ் 90 நாளில் காலாவதியாகும். தானாகப் புதுப்பிக்கும்படி அமைத்திருந்தாலும் அது எப்போதாவது தவறும், தவறியதைக் காண ஒரு கண் வேண்டும்.

நான்காவது அளவுகோல் தமிழ். நகரத்து ஒப்பீட்டுக் கட்டுரைகளில் இது இடம்பெறுவதில்லை. நமக்கோ இது பாதி வேலை. நம் ஊரில் எல்லா அறிவிப்பும் அச்சகத்தில் செய்த சுவரொட்டிப் படமாகவே வருகிறது. அதை அப்படியே தளத்தில் ஏற்றினால் பார்வைக்கு அழகாக இருக்கும். ஆனால் அதில் உள்ள எழுத்துகள் தேடுபொறிக்கு எழுத்துகளாகத் தென்படும் என்று நம்பியிருக்க முடியாது, திரைபடிப்பானைப் பயன்படுத்தும் பார்வையற்றவருக்கு அங்கே ஒன்றுமே இல்லை, சிறிய கைப்பேசியில் பாட்டியால் நேரத்தைப் படிக்கவும் முடியாது. அச்சகத்திலிருந்து கோப்பை வாங்கி எழுத்தை நகலெடுக்கலாம் என்றால், பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்தவை பொருளற்ற குறிகளாக வந்து விழும். எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான ஒருங்குறி (யூனிகோட்) 1991இலேயே தமிழுக்குத் தனி இடம் ஒதுக்கிவிட்டாலும், அது பரவலாகும் வரை எழுத்துகளைக் கணினியில் குறிக்கும் முறைகளாகிய குறியேற்றங்கள் திஸ்கி, டாப், டாம் எனப் பல புழங்கின. முத்து நெடுமாறனின் தமிழ்த் தட்டச்சு மென்பொருளான முரசு அஞ்சல் பிறந்த மலேசியாவில், தமிழ் இணைய மாநாட்டை 2001இல் கோலாலம்பூரில் நடத்திய நாட்டில், பழைய பள்ளி மலர்களும் சங்க அறிக்கைகளும் அந்தக் குறியேற்றங்களில் இன்னும் வட்டுகளில் கிடக்கின்றன. அவற்றை ஒருங்குறிக்கு மாற்றத் தெரிந்தவர், பக்கம் தமிழில் உள்ளது என்பதைக் குறிநிரலில் குறிக்கத் தெரிந்தவர், சந்திப்பிழை இல்லாமல் நான்கு வரி எழுதத் தெரிந்தவர் நமக்கு வேண்டும்.

ஐந்தாவது வேகம், மழையால் தேர் புறப்பாடு இரண்டு மணி நேரம் தள்ளிப்போனால் அது பத்து நிமிடத்தில் தளத்தில் ஏற வேண்டும். கடைசியாகச் செலவு. இதை முதல் ஆண்டுக்குக் கணக்கிடாமல் மூன்று ஆண்டுக்குக் கணக்கிடுங்கள், ஏனெனில் ஹோஸ்டிங் விற்பவர்கள் முதல் ஆண்டில் தரும் கழிவு, புதுப்பிக்கும்போது பெரும்பாலும் மறைந்துவிடுகிறது.

நம் வீட்டுப் பிள்ளையிடம் கொடுப்பது

கோயில்களும் சங்கங்களும் முதலில் நாடுவது இந்த வழியைத்தான். செயலாளரின் மகனோ தலைவரின் மருமகளோ கணினி படித்திருப்பார், காசு கேட்கமாட்டார். இதன் பலம் உண்மையானது. அந்தப் பிள்ளைக்கு ஊர் தெரியும், திருவிழா தெரியும், எந்தத் தோட்டம் எந்தப் பெயரால் வழங்கப்படுகிறது என்பது தெரியும். பால்குடம் எத்தனை மணிக்கு என்று ஷா ஆலமிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் கேட்பவர்கள் யார் யார் என்பதும் தெரியும். வேகம், ஊரறிவு ஆகிய இரண்டிலும் இதை மிஞ்ச வேறு வழியில்லை.

மறைந்திருக்கும் செலவு பின்னால் வருகிறது. இலவசமாகச் செய்பவரிடம் அவசரப்படுத்திக் கேட்க நமக்கு வாய் வராது. தேர்வு நேரத்தில் அவருக்கும் முடியாது. "தம்பி, நேரம் இருந்தா மாத்திப் போடுப்பா" என்று சொல்லிவிட்டு மூன்று வாரம் காத்திருப்போம். நம் ஊர்ப் பிள்ளைகள் படித்து முடித்ததும் ஊரில் தங்குவதில்லை என்பது இன்னும் பெரிய உண்மை. தோட்டம் துண்டாடப்பட்டபோது பெற்றோர் நகரத்துக்கு வந்தார்கள். பிள்ளைகள் நகரத்தைத் தாண்டிப் போகிறார்கள். தொண்டர் ஒருவரின் பணிக்காலம் இரண்டு, மூன்று ஆண்டு என்று முன்கூட்டியே வைத்துக்கொண்டு திட்டமிடுவதுதான் நேர்மை. அதாவது, அவர் சேரும் நாளிலேயே இரண்டாமவர் ஒருவரையும் உடன் சேர்க்க வேண்டும். எந்தக் கணக்கு எங்கே உள்ளது, காப்புப் பிரதி எங்கே இருக்கிறது, ஆண்டில் எந்தத் தேதியில் என்ன கட்ட வேண்டும் என்பதை இரண்டு பக்கத்தில் எழுதி வாங்கிவிட வேண்டும். பெயர்ப் பதிவும் ஹோஸ்டிங்கும் அமைப்பின் மின்னஞ்சலில், அமைப்பின் காசில் இருக்க வேண்டும். இவற்றைக் கேட்டால் பிள்ளை மனம் நோகுமோ என்று தயங்க வேண்டாம். பின்னால் அவர்மேல் பழி விழாமல் காப்பதும் இந்தத் தாள்தான்.

பணம் வாங்காத தளம், மாதத்துக்கு இரண்டு மூன்று மாற்றம் மட்டுமே கேட்கும் தளம், ஊரில் குறைந்தது இரண்டு இளையோர் ஆர்வத்தோடு இருக்கும் அமைப்பு என்ற மூன்றும் கூடிவரும் இடத்தில் இது சிறந்த தேர்வு. ஒரே ஒருவர்தான் இருக்கிறார் என்றால் நான் பரிந்துரைக்கமாட்டேன்.

ஈப்போ அல்லது கோலாலம்பூர் நிறுவனத்தோடு ஒப்பந்தம்

நிறுவனம் என்றால் ஒருவர் விலகினாலும் இன்னொருவர் இருப்பார். புதுப்பித்தல், காப்புப் பிரதி, தாக்குதலுக்குப் பின் துப்புரவு ஆகியவை அவர்களுக்கு அன்றாட வேலை. இணையவழிக் கட்டணம் வாங்கும் தளத்தை முறையாக அமைக்கவும் அவர்களால் முடியும். தொழில்நுட்பத்தில் குறை சொல்ல இடமில்லை.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் பார்க்க வேண்டியவை வேறு. 'பராமரிப்பு' என்ற சொல்லுக்குள் மாதம் எத்தனை மாற்றங்கள் அடங்கும், அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு என்பதைக் கேளுங்கள். தமிழ்ப் பக்கத்தை அவர்களே தட்டச்சு செய்வார்களா, நாம் எழுதித் தந்தால் ஒட்டுவார்களா என்பதைக் கேளுங்கள். தமிழ் தெரியாதவர் ஒட்டும்போது ஒரு வரி விடுபட்டாலும் அவருக்குத் தெரியாது. அவர்களே எழுதிய தனி அமைப்பில் தளம் ஓடுகிறதா, எங்கும் எடுத்துச் செல்லக்கூடிய பொது அமைப்பில் ஓடுகிறதா என்பது இவற்றினும் பெரிய கேள்வி. தனி அமைப்பு என்றால் ஒப்பந்தம் முடியும் நாளில் வெறுங்கையோடு வெளியே வர நேரும். தளப்பெயரும் அந்த ஒப்பந்த நிறுவனத்தின் பெயரில் பதிவாகியிருந்தால் அந்த வெறுங்கையில் முகவரியும் இருக்காது. டாட் எம்ஒய் பெயர்களை நிருவகிக்கும் மைநிக்கில், அமைப்புகளுக்கென டாட் ஓஆர்ஜி டாட் எம்ஒய் ஒதுக்கப்பட்டிருக்கிறது; உரிமையாளர் என்ற இடத்தில் அமைப்பின் பெயர் இருப்பதை நீங்களே பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஆண்டு முழுதும் வணிகம் நடத்தும் கடை, வாடிக்கையாளர் விவரங்களைச் சேர்த்து வைக்கும் கூட்டுறவு போன்றவற்றுக்கு இது பொருந்தும். அத்தகையோருக்குச் சட்டக் கடமையும் உண்டு. வணிகப் பரிவர்த்தனைகளில் தனிநபர் விவரங்களைக் கையாள்வோரை 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. அது 15 நவம்பர் 2013இல் நடப்புக்கு வந்தது. 2024இல் செய்த திருத்தங்களின்படி, 1 ஜூன் 2025 முதல் தரவுக் கசிவை அதிகாரிக்கு அறிவிப்பதும் கடமையாகிவிட்டது. சிறு கோயிலின் அறிவிப்புப் பலகைக்கு நிறுவனம் தேவையில்லை.

உள்ளூரிலேயே மாதக் கட்டணத்துக்கு ஒருவர்

பலர் எண்ணிப் பார்க்காத வழி இது. ஊரில் அச்சுக்கடையோ கணினிக் கடையோ வைத்திருப்பவர், வீட்டிலிருந்து வேலை பார்க்கும் இளம் தாய், பணி ஓய்வு பெற்ற ஆசிரியர் என்று யாராவது ஒருவருக்கு வாரத்தில் இரண்டு மணி நேர வேலையாக இதைக் கொடுத்து, சிறு தொகையானாலும் தவறாமல் கொடுப்பது. மாதம் 150 வெள்ளி (ரிங்கிட்) என்று வைத்துக்கொண்டால் மூன்று ஆண்டுக்கு 5,400 வெள்ளி ஆகிறது. டாட் காம் பெயருக்கு ஆண்டுக்கு நூறு வெள்ளிக்குள், ஹோஸ்டிங்குக்குச் சில நூறு வெள்ளி தனி. தனித்தனியே பார்த்தால் சிறு கோயிலுக்கு இது பாரம்தான். ஆனால் ஒரு கோயில், ஒரு பள்ளிச் சங்கம், ஒரு இளைஞர் மன்றம் மூன்றும் சேர்ந்து ஒருவரை அமர்த்தினால் ஆளுக்கு மாதம் 50 வெள்ளியில் முடிகிறது.

காசு கொடுப்பதால் கேட்கும் உரிமை வருகிறது. ஊரில் இருப்பதால் வேகம் வருகிறது. ஊர்க்காரர் என்பதால் தமிழும் வருகிறது. தொடர்ச்சி மட்டும் தானாக வராது. தொண்டருக்குச் சொன்ன அதே இரண்டு பக்கத் தாள் இங்கேயும் வேண்டும்.

பொருத்தமானவரா என்பதை ஒரு மணி நேரத்தில் அறிந்துகொள்ளலாம், சான்றிதழ் பார்க்க வேண்டியதில்லை. இணையப் பக்கங்களின் குறிநிரலான எச்டிஎம்எல்லில் எழுதிய பக்கம் ஒன்றைத் திறந்து காட்டி, ஒரு தலைப்பையும் ஓர் இணைப்பையும் மாற்றச் சொல்லுங்கள்; புதிதாக எழுத வராவிட்டாலும் இருப்பதைப் படித்துத் திருத்தத் தெரிந்தால் போதும். கைப்பேசியில் எடுத்த ஐந்து மெகாபைட் படத்தைக் கொடுத்து, அலைவரிசை பலவீனமான தோட்டப் பகுதியிலும் திறக்கும் அளவுக்குச் சிறிதாக்கச் சொல்லுங்கள். திருவிழாச் சுவரொட்டியைக் கொடுத்து அதை எழுத்தாக மாற்றச் சொல்லுங்கள். தளத்தை வேறு ஹோஸ்டிங்குக்கு மாற்றும்போது மின்னஞ்சல் நிற்காமல் இருக்க என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். தளப்பெயரைத் தேடி வருவோரை எந்த வழங்கிக்கு அனுப்புவது என்று சொல்லும் டிஎன்எஸ் பதிவுகளில் அஞ்சலுக்குரிய எம்எக்ஸ் பதிவை முதலில் குறித்துக்கொள்வேன் என்பவர் அனுபவப்பட்டவர். காப்புப் பிரதி எங்கே வைப்பீர்கள் என்று கேளுங்கள். மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு இடத்தில் என்ற வழக்கத்தை அவர் பெயர் சொல்லி அறியாவிட்டாலும், எல்லாம் அதே வழங்கியில்தான் என்று சொல்லாதிருக்க வேண்டும். அந்தப் பிரதியிலிருந்து தளத்தை ஒருமுறையாவது திரும்ப எழுப்பிப் பார்த்தாரா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

இவற்றை எல்லாம் விட நான் மதிப்பது ஒரு குணத்தை. வெப்மாஸ்டர் வெளியிட மறுக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். அடையாள அட்டை எண்களோடு கூடிய உறுப்பினர் பட்டியலைத் தலைவரே அனுப்பி ஏற்றச் சொன்னாலும், எண்களை நீக்கிவிட்டுத்தான் ஏற்றுவேன் என்று மரியாதையோடு சொல்லத் தெரிய வேண்டும். அத்தகைய பட்டியல் ஒன்று ஓர் அமைப்பின் தளத்தில் பல மாதம் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன்; ஏற்றியவருக்குத் தீய எண்ணம் ஏதும் இல்லை, அது தவறு என்று சொல்ல அங்கே ஆள் இல்லை.

தளமே வேண்டாம், முகநூலும் புலனமும் (வாட்ஸ்அப்) போதும் என்பது

சில நேரங்களில் இதுவே சரி. வாரத்தில் ஒரு மணி நேரம்கூடக் கொடுக்க ஆளில்லாத அமைப்பு, காலாவதியான தளத்தை வைத்திருப்பதைவிட ஒரு முகநூல் பக்கத்தை உயிரோடு வைத்திருப்பது மேல். அங்கேயும் சாவிக் கணக்கு உண்டு: பக்கத்துக்குக் குறைந்தது இருவர் நிருவாகிகளாக இருக்க வேண்டும், இல்லையேல் ஒருவரின் கணக்கு முடங்கினால் பக்கமும் கைவிட்டுப் போகும். புலனக் குழுவில் வந்த செய்தி குழுவில் இல்லாதவருக்கு எட்டாது; மூன்று ஆண்டுக்கு முன் வந்த செய்தி குழுவில் இருப்பவருக்கும் எட்டாது. மூடப்பட்ட தோட்டத்தின் பெயரையோ இடம் மாறிய பள்ளியின் பழைய படத்தையோ தேடி வரும் பேரப்பிள்ளைக்கு அங்கே ஒன்றும் கிடைக்காது.

மூவருக்கும் நான் சொன்ன விடை

கோயில் செயலாளருக்கு, பக்கத்துப் பள்ளிச் சங்கத்தோடு பேசிக் கூட்டாக ஒருவரை மாதக் கட்டணத்துக்கு அமர்த்தும்படி சொன்னேன். கட்டும் வேலையை அவர் மகன் விடுமுறையில் செய்யட்டும், காக்கும் வேலை மற்றவரிடம் இருக்கட்டும். கடவுச்சொற்களை எழுதிய தாள் உறையிலிட்டுக் கோயில் இரும்புப் பெட்டியில் கணக்குப் புத்தகத்தோடு இருக்கட்டும், ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் புதிய நிருவாகத்திடம் சாவிக்கொத்தோடு அதுவும் கைமாறட்டும்.

பள்ளிச் சங்கப் பொறுப்பாளருக்கும் அதே ஆள்தான். ஆனால் மாணவர் முகம் தெரியும் படம் எதுவும் பெற்றோரின் எழுத்து ஒப்புதல் இல்லாமல் ஏறக்கூடாது என்ற ஒரு வரியை வேலைக் குறிப்பில் சேர்க்கச் சொன்னேன்.

முறுக்கு விற்கும் அம்மையாருக்கு இப்போதைக்குத் தளம் வேண்டாம் என்றேன். அவருடைய விற்பனை ஆண்டில் ஆறு வாரம். வாங்குபவர்கள் புலனத்திலேயே கேட்கிறார்கள், அவரும் மாவு பிசைந்த கையைத் துடைத்துக்கொண்டு அங்கேயே விடை எழுதுகிறார். தன் கடைப் பெயரில் ஒரு தளப்பெயரை மட்டும் தன் சொந்த மின்னஞ்சலில் பதிந்து, அது முகநூல் பக்கத்துக்குத் திருப்பிவிடும்படி அமைத்துக்கொள்ளச் சொன்னேன். ஆண்டு முழுதும் விற்கத் தொடங்கும் நாளில், அதே பெயரில் தளத்தை எழுப்ப யாரிடமும் போய் அவர் கேட்டு நிற்க வேண்டியிருக்காது.